இரும்பு செம்பாகுமா?

கண்ணாடிக் குவளை ஒன்றில் நீர் எடுத்து, அதில் மயில்துத்தத்தைக் கரைத்தால் நீர் முழுவதும் நீலமாகும். அந்நீலநீரில் நன்கு தேய்த்துத் துலக்கிய இரும்பாணி ஒன்றை இட்டு நோக்குவோமாயின், சில நொடிகளில் ஆணியின்மேல் செந்நிறம் படர்வதைக் காணலாம். ஒரு மணி நேரம் சென்றபின் அந்நிறம் தடித்துப் பழுப்புச் சிவப்பான பொடியாகி உதிரும். ஓரிரு நாள் அப்படியே விட்டுவைத்தால் நீலநீர் தன் நிறம் இழந்து இளம்பச்சையாகும், அடியில் செம்புத்தூள் படிந்திருக்கும், ஆணியோ மெலிந்துபோயிருக்கும். உயர்நிலைப் பள்ளிகளில் வேதியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் யாவரும் ஆண்டுதோறும் செய்துகாட்டும் எளிய செய்முறை இது. அதிகச் செலவில்லை, அடுப்பு வேண்டா, வெடிக்கும் என்ற அச்சமும் இல்லை.

பல்லாண்டுகளுக்கு முன் இச்செய்முறையை வகுப்பில் செய்துகாட்டியபோது, மாணவன் ஒருவன் தன் குறிப்பேட்டில் "இரும்பு செம்பாக மாறியது" என்று எழுதி வந்தான். சிவப்பு மையால் அதனை அடித்து, "இரும்பு செம்பை வெளியேற்றியது" என்று திருத்திக் கொடுத்தேன். அவன் கேட்டான்: "ஐயா, இரும்பு இருந்த இடத்திலேதானே செம்பு இருக்கிறது? மாறியது என்று சொன்னால் என்ன குற்றம்?" பாடநூலில் உள்ளதை மீண்டும் ஒருமுறை சொல்லி அவனை உட்காரவைத்தேனேயன்றி, அவன் வினாவுக்கு விடை கூறவில்லை. பின்னர் வேதியியலின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோதுதான், அந்தச் சிறுவன் எழுதிய அதே வாக்கியத்தைப் பேரறிஞர் பலர் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளாக எழுதிவந்தனர் என்பது எனக்குத் தெரியவந்தது. அவர்கள் கண்ணால் கண்டதையே எழுதினர். கண்டதில் பிழையில்லை. அப்படியானால் பிழை எங்கே இருந்தது? அதனை எவர், எவ்வாறு கண்டுபிடித்தனர்? இதுவே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் பெயர்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். தமிழாசிரியர்கள் இதனை மிகை என்று கொள்ளார் என நம்புகிறேன். கந்தகத் திராவகமும் ஓர் உலோகமும் சேர்ந்து உண்டாகும் உப்புக்களை நம் முன்னோர் நிறத்தாலேயே பிரித்து அறிந்தனர். மயிற்கழுத்தின் நீலம் உடையது மயில்துத்தம். துருசு என்பதும் அதுவே. வெண்ணிறமாய் இருப்பது பால்துத்தம். பச்சையாய் இருப்பது அன்னபேதி. முதலாவதில் செம்பும், இரண்டாவதில் துத்தநாகமும், மூன்றாவதில் இரும்பும் உள்ளன. துத்தநாகம் என்னும் பெயரிலேயே துத்தம் அமர்ந்திருப்பதைக் காண்க. ஐரோப்பியரும் இம்மூன்றையும் ஒரே குடும்பமாகவே கொண்டு, கண்ணாடி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து 'விட்ரியால்' என்று பெயரிட்டு, நீலம், வெள்ளை, பச்சை என்று அடைமொழி சேர்த்தனர். பளிங்குபோல் மின்னும் படிகங்களாதலின் அப்பெயர் வந்தது. நம்மவர் மயிலை நினைத்தனர். அவர்கள் கண்ணாடியை நினைத்தனர். பெயர் வைப்பதில் நம்மவர் கண்ணே கூர்மையானது என்பது என் எண்ணம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இரும்பும் நீலத்துத்தமும் சேர்ந்தால் நிகழ்வதை எழுத்தில் முதன்முதல் பதித்தவர்கள் சீனர் என்றே தெரிகிறது. கி.மு. 122இல் மறைந்த ஹுவாய்நான் இளவரசர் லியூ ஆன் என்பாரின் அவையோடு தொடர்புடையதாகக் கருதப்படும் பழைய நூலொன்றில், செம்பின் நீலத்தாது இரும்பைச் சேர்ந்தால் செம்பாக மாறும் என்ற குறிப்பு இருக்கிறது. மருந்துப்பொருள்களைத் தொகுத்துக் கூறும் சீனரின் பண்டை நூலும் மயில்துத்தத்தைப் பற்றிப் பேசுமிடத்து, இரும்பைச் செம்பாக்கவல்லது என்று அதன் ஆற்றலைக் கூறுகிறது. சீனர் அப்பொருளைப் 'பித்தக் கல்' என்று அழைத்தனர். பித்தநீரின் நிறமும் கைப்பும் அதற்கு உண்டு எனக் கருதினர் போலும்.

கி.பி. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கோ ஹொங் என்னும் ரசவாதி இவ்வகையில் நினைக்கத்தக்கவர். சாவாமை தரும் மருந்தையும் பொன்னாக்கும் வித்தையையும் தேடி அலைந்தவர் அவர். அவ்வாறு அலைந்தவர் எதையும் எளிதில் நம்பிவிடுவார் என்றே நாம் நினைப்போம். ஆயினும், நீலத்தாதை இரும்பின்மேல் பூசினால் இரும்பு செம்புபோல் சிவக்கும் என்று எழுதிய அவர், அத்தோடு நில்லாமல், மாற்றம் வெளியில் மட்டுமே, உள்ளே மாறுவதில்லை என்றும் சேர்த்து எழுதினார். பூசிய இரும்பைச் சுரண்டிப் பார்க்காமல் இதனை எழுதியிருக்க இயலாது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த தாவ் ஹொங்சிங் (456 - 536) என்னும் மருத்துவ அறிஞரும், வேறொரு துத்தவகையைக் காடியில் கரைத்து இரும்பில் தடவி, நிறம் செம்பாயினும் உட்பொருள் மாறாதது கண்டு எழுதிவைத்தார்.

ஆனால், இந்த விடை பூச்சுக்கு மட்டுமே பொருந்தும். சிறிது நேரம் நனைத்தெடுத்த இரும்பில்தான் உள்ளே இரும்பு இருக்கும். பலநாள் ஊறவிட்டால் உள்ளும் செம்பாகவே ஆகிவிடும். சுரண்டிப் பார்த்தாலும் செம்பு, உடைத்துப் பார்த்தாலும் செம்பு. அப்போது என்ன சொல்வது? இந்தக் கடினமான வினாவை எழுப்பியவை ஆய்வுக்கூடங்கள் அல்ல, சுரங்கங்கள்.

செம்பும் கந்தகமும் கலந்த கனிப்பாறைகளின்மேல் காற்றும் மழைநீரும் படும்போது, அக்கனிகள் மெல்ல மெல்லச் சிதைந்து மயில்துத்தமாகி நீரில் கரைந்துவிடுகின்றன. அவ்வேலையை விரைவுபடுத்தும் நுண்ணுயிர்கள் உண்டு என்பது 1947இல்தான் அறியப்பட்டது. நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வடிந்த அமிலநீரில் அவ்வுயிர்களை முதலில் கண்டனர். இவ்வாறு செம்பைக் கரைத்துக்கொண்ட நீர் சில மலைகளில் ஊற்றாகவும் ஓடையாகவும் வெளிப்படும். சீன நாட்டில், இன்றைய ஜியாங்சி மாகாணத்திலுள்ள யான்ஷான் அத்தகைய இடம். சோங் மரபு அரசர் காலத்துப் பேரறிஞரான ஷென் குவோ (1031 - 1095) தம் நூலில் அவ்விடத்துக் கைப்புநீர் ஊற்றைக் குறிப்பிடுகிறார். அந்நீரைக் காய்ச்சினால் துத்தம் கிடைக்கும். துத்தத்தைக் காய்ச்சினால் செம்பு கிடைக்கும். காய்ச்சும் இரும்புச் சட்டியும் நாளடைவில் செம்பாகிவிடும் என்பன அவர் கூறும் செய்திகள். நீரே உலோகமாகிறதே, பொருள்களின் மாற்றத்தை யார்தான் அளந்தறிய வல்லார் என வியக்கிறார்.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். செம்பு நீரிலிருந்து வருகிறது என்று சொன்னவர் ஷென் குவோ. அது பாதி உண்மை. மிக முக்கியமான பாதி. ஆனால் அதே மூச்சில் சட்டியும் செம்பாயிற்று என்று சேர்த்துவிட்டார். சட்டியில் இருந்த இரும்பு எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐரோப்பாவுக்கு ஐந்நூறு ஆண்டு முன்னதாகவே சீனத்தில் விடை கிடைத்திருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வந்த பொருளை எவரும் எண்ணிப் பார்ப்பர். போன பொருளைத் தேடுவோர் சிலரே.

சோங் அரசுக்கோ தத்துவ விசாரத்துக்கு நேரமில்லை. நாணயம் அடிக்கச் செம்பு வேண்டும். 1080ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஆண்டுக்கு 50 இலட்சம் சரத்துக்குமேல் செப்புக்காசு அடித்தார்கள். ஒரு சரம் என்பது பேரளவில் ஆயிரம் காசு. தோண்டியெடுத்த தாது போதாதபோது, கைப்புநீர் ஊற்றுக்கள்மேல் அரசின் பார்வை விழுந்தது. சாங் சியான் என்பார் இம்முறையை விளக்கி ஒரு நூலே எழுதினார். அவர் மகன் 1094ஆம் ஆண்டை ஒட்டி அதனை அரசரிடம் அளித்தார். அந்நூல் இன்று கிடைக்கவில்லை. நற்பேறாக, சோங் மரபின் அரசாங்க வரலாற்றில் செய்முறை பதிவாகியிருக்கிறது. இரும்பை மெல்லிய தகடுகளாகத் தட்டி, கைப்புநீர்த் தொட்டிகளில் வரிசையாக அடுக்கி, சில நாள் ஊறவிடுவர். தகடுகள் அரிக்கப்பட்டு மெலியும். அவற்றின்மேல் சிவந்த சேறு படியும். அச்சேற்றைச் சுரண்டி உலையிலிட்டு மும்முறை உருக்கினால் நல்ல செம்பாகும். தென்சோங் காலத்தில் நாட்டின் செம்பில் பெரும்பங்கு இவ்வழியிலேயே கிடைத்தது.

அந்தப் பதிவிலே ஒரு கணக்கு இருக்கிறது. நம் நாட்டுச் சந்தைகளில் முன்பு வழங்கிய காட்டி, தாகில் என்னும் நிறைகளை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 16 தாகில் ஒரு காட்டி. சீனரின் அதே அளவைமுறையில்தான் இக்கணக்கும் எழுதப்பட்டுள்ளது: 2 காட்டி 4 தாகில் இரும்பு செலவிட்டால் ஒரு காட்டி செம்பு கிடைக்கும். அதாவது 36 தாகில் இரும்புக்கு 16 தாகில் செம்பு. இதை எழுதியவர் ரசவாதி அல்லர், கணக்கர். எனவே இதனை நம்பலாம். இக்கணக்குக்குப் பின்னர் மீண்டும் வருவேன். வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்க.

ஐரோப்பாவில் இவ்வியப்பின் நிலைக்களம் கார்ப்பேதிய மலைப்பகுதி. அன்று அது ஹங்கேரி அரசைச் சேர்ந்தது. இன்று சுலோவாக்கிய நாடு. அங்கே பான்ஸ்கா பிஸ்ட்ரிட்சா நகருக்கு அண்மையில் ஸ்பானியா டோலினா என்ற சுரங்க ஊர் உள்ளது. ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர் அதனை ஹெர்ரன்குருண்டு என்றனர். அச்சுரங்கத்தின் அடியில் ஊறிய நீலநீரில் பழைய இரும்பை இட்டுவைத்தால், இரண்டொரு வாரத்தில் அது செம்பாகும். ஊர்மக்கள் அதனைச் 'சிமெண்டு நீர்' என்றும், கிடைத்த செம்பைச் 'சிமெண்டுச் செம்பு' என்றும் அழைத்தனர். வீடு கட்டும் சிமெண்டுக்கும் இதற்கும் உறவு பெயரளவில்தான்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் அவ்வூர்க் கன்னார் இச்செம்பைக்கொண்டு கிண்ணங்களும் குவளைகளும் செய்து, பொன்முலாம் பூசி, சுரங்கத் தொழிலாளரின் சிறு உருவங்களை அவற்றில் அமைத்து விற்றனர். பல கிண்ணங்களில் ஜெர்மன் மொழியில் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கும். கிண்ணமே பேசுவதுபோல் அமைந்தவை அவை. முன்பு தான் இரும்பாக இருந்ததாகவும், நீரால் செம்பானதாகவும் கிண்ணம் பெருமையோடு கூறும். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இன்றும் அவற்றைக் காணலாம். பெருமக்கள் வீட்டு மேசைகளில் இக்கிண்ணங்கள் வீற்றிருந்தன. விருந்தினர் ஒவ்வொருவரும் உலோகம் மாறும் என்பதற்குச் சான்றைக் கையிலேயே ஏந்திக் குடித்தனர்!

இக்கிண்ணத்தை வேடிக்கைப் பொருள் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. ரசவாதிகளுக்கு அது பெரிய வாதம். பாதரசத்தைப் பொன்னாக்குவோம் என்று அவர்கள் சொன்னபோது நம்பாதவர்கள் நகைத்தனர். அவர்களுக்கு ரசவாதிகள் தந்த விடை இது: "ஹங்கேரிக்குச் சென்று பாருங்கள். அங்கே இரும்பு செம்பாகிறது; எந்த மறைவித்தையும் இல்லை, வெறும் நீர் செய்கிறது. இரும்பு செம்பாகுமானால் செம்பு ஏன் பொன்னாகாது?" 16ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மருத்துவர் பாராசெல்சஸ் இவ்வூற்றைச் சான்றாகக் காட்டினார். சுரங்கவியலின் தந்தை என்று போற்றப்படும் அகிரிக்கோலாவும் இரும்பைச் செம்பாக்கும் கார்ப்பேதிய நீரைத் தம் எழுத்தில் குறித்துள்ளார். 1669இல் இச்சுரங்கப் பகுதிக்குப் பயணம் செய்த எட்வர்டு பிரௌன் என்னும் ஆங்கில மருத்துவர், அந்நீரில் இட்ட இரும்பு தன் உருவம் குலையாமலே செம்பாகியிருந்ததை நேரில் கண்டு எழுதினார். உருவம் குலையவில்லை என்பதை நோக்குக. என் மாணவன் கேட்டதும் இதையேதான்: இரும்பு இருந்த இடத்திலேதானே செம்பு இருக்கிறது?

ஆகவே இவ்வழக்கில் தோற்றால் ரசவாதத்தின் மிக வலுவான சான்று போய்விடும். வென்றால் பொன்னாக்கும் வித்தை பொய் என்று எவராலும் சொல்லவியலாது.

வழக்கைத் தீர்த்தவர் அஞ்ஜலோ சாலா என்னும் இத்தாலிய மருத்துவர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். சமயப் பூசலால் தாயகம் விட்டு வடநாடுகளில் அலைந்து பிழைத்தவர். விட்ரியாலைக் கூறுபோட்டுக் காட்டுவது என்ற பொருளில் பெயரிடப்பட்ட அவருடைய நூலின் 1617ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் செய்த சோதனை கூறப்பட்டிருக்கிறது. செம்பு, கந்தகத் திராவகம், நீர் ஆகிய மூன்றையும் நிறுத்து எடுத்துக்கொண்டார். அவற்றைச் சேர்த்து மயில்துத்தத்தைத் தாமே உண்டாக்கினார். சுரங்கத்தில் கிடைத்த துத்தத்துக்கும் இதற்கும் வேறுபாடில்லை. பின்னர் அதனைப் பிரித்து அதே மூன்று பொருள்களையும் திரும்பப் பெற்றார். நீலத்துத்தத்தில் செம்பு ஏற்கெனவே இருக்கிறது. இரும்பின்மேல் படிவது அச்செம்பே. புதிதாய் எதுவும் பிறக்கவில்லை என்பது அவர் முடிபு.

சாலாவின் சோதனையில் ஆடம்பரமான கருவி ஏதுமில்லை. தராசு ஒன்றே. அதுவரை எல்லோரும் "துத்தத்திலிருந்து என்ன வெளிவருகிறது" என்று பார்த்தனர். இவர் "துத்தத்துக்குள் என்ன சென்றது" என்று பார்த்தார். தாமே செய்த துத்தமாதலால், உள்ளே சென்ற செம்பு எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். போட்டதே திரும்ப வந்தது என்றால் மாற்றத்துக்கு அங்கே என்ன வேலை?

நம் நாட்டு ரசநூல்களிலும் இதற்கு இணையான ஓர் அறிவு இருந்ததை இங்கே சொல்லவேண்டும். ரசார்ணவம் என்னும் வடமொழி நூல், மயில்துத்தத்தை வெங்காரத்தோடும் எண்ணெயோடும் சேர்த்து நெருப்பிலிட்டு, பவழநிறமான 'சத்து' ஒன்றைப் பிரித்தெடுக்கும் முறையைக் கூறுகிறது. அச்சத்து செம்பே. ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் 1902லும் 1909லும் இரு பகுதிகளாக வெளியிட்ட இந்திய வேதியியல் வரலாற்றில் இதனை எடுத்துக்காட்டியுள்ளார். துத்தத்துக்குள் செம்பு இருக்கிறது என்பதை அந்நூலார் நெருப்பின் துணையால் அறிந்தனர். ஆனால் அதே நூல்கள் உலோக மாற்றத்தையும் நம்பின. ஒன்றை அறிந்தவர் அதன் பயனாக மற்றொன்றை விட்டுவிடுவார் என்பதில்லை.

ஐரோப்பாவிலும் அப்படியே. பிளாண்டர்ஸ் நாட்டு வான் ஹெல்மாண்ட் (1580 - 1644) சாலாவைப்போன்றே, செம்பு நீருக்குள் மறைந்திருந்தது என்றார். திராவகத்தில் கரைத்த வெள்ளி அழிந்துபோவதில்லை, கண்ணுக்குத் தோன்றாமல் இருக்கிறது, அதனைத் திரும்பப் பெறலாம் என்றும் தெளிவாக எழுதினார். இத்தனை தெளிவுடைய அவரே, சிறிதளவு மாயக்கல்லால் பாதரசத்தைத் தாம் பொன்னாக்கியதாகவும் சாதித்தார்! ஹாம்பர்க்கு நகரத்து யுங்கியுஸ் (1587 - 1657) ஒருபடி மேலே சென்றார். இரும்பின் நுண்துகள் ஒன்று நீரில் இறங்க, அவ்விடத்தில் செம்பின் நுண்துகள் ஒன்று வந்து அமர்கிறது என்று அவர் விளக்கினார். உருவம் குலையாத புதிருக்கு இதுவே விடை. பழைய மண்டபத்தின் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, எடுத்த இடத்திலேயே புதிய செங்கல்லை வைத்துக்கொண்டு வந்தால், முடிவில் மண்டபத்தின் வடிவம் மாறாது. ஆனால் கல் எதுவும் செங்கல் ஆகிவிடவில்லையே! என் மாணவனுக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய விடையும் இதுதான்.

இத்துணை விளக்கம் வந்தபின்னும் பிரௌன் 1669இல் மாற்றத்தைப் பற்றியே பேசினார். கிண்ணங்களும் அடுத்த நூற்றாண்டிலும் விலைபோயின. அறிஞர் அறையில் முடிந்த வழக்கு கடைத்தெருவில் முடிய நெடுங்காலம் ஆகும்.

இரும்பு ஏன் செம்பை வெளியேற்றுகிறது, செம்பு ஏன் இரும்பை வெளியேற்றுவதில்லை என்பது அடுத்த வினா. இதில் நியூட்டனின் பங்கை நம் பாடநூல்கள் கூறுவதில்லை. ஒளியியல் பற்றிய அவருடைய நூலின் இறுதியில் சில வினாக்களைத் தொகுத்துள்ளார். 1706ஆம் ஆண்டின் இலத்தீன் பதிப்பில் சேர்த்து, பின்னர் ஆங்கிலப் பதிப்பில் 31ஆம் வினாவாக அமைந்த பகுதியில் உலோகங்களை ஒரு வரிசையில் வைக்கிறார். வெள்ளி கரைந்த திராவகத்தில் செம்பை இட்டால் செம்பு கரைந்து வெள்ளி விடுபடும். செம்பு கரைந்ததில் இரும்பை இட்டால் இரும்பு கரைந்து செம்பு விடுபடும். இரும்பு கரைந்ததில் துத்தநாகத்தின் தாதை இட்டால் இரும்பு விடுபடும். திராவகத்தின் துகள்கள் ஓர் உலோகத்தைவிட மற்றோர் உலோகத்தை வலிந்து ஈர்ப்பதே காரணம் என்பது அவர் கருத்து. விண்கோள்களுக்கு ஈர்ப்பு கூறியவர் குவளைக்குள்ளும் ஈர்ப்பைக் கண்டதில் வியப்பில்லை. 1718இல் பிரெஞ்சு அறிஞர் ஜெஃப்ராய் இவ்வகை ஈர்ப்புக்களை 16 பத்திகள் கொண்ட அட்டவணையாக்கினார். 1865இல் ருசிய அறிஞர் பெக்கெத்தோவ் உலோகங்களின் வெளியேற்ற வரிசையை ஆராய்ந்து வெளியிட்டார். இன்று பள்ளிச் சுவர்களில் தொங்கும் உலோக வரிசைப் படம் இம்மரபில் வந்தது.

உண்மைக் காரணம் மின்சாரத்தின் வழியே தெரியவந்தது. 1836இல் இலண்டனில் ஜான் பிரெடெரிக் டானியல் என்பார், துத்தநாகத்தையும் மயில்துத்தக் கரைசலையும் நேரே சேரவிடாமல் நடுவில் நுண்துளைச் சுவர் ஒன்றை வைத்து, துத்தநாகத்தையும் செம்புத் தகட்டையும் கம்பியால் இணைத்தார். துத்தநாகம் ஒருபுறம் கரைய, செம்பு மறுபுறம் படிய, இடையிலுள்ள கம்பியில் மின்சாரம் ஓடிற்று. தந்தி நிலையங்களுக்கு நெடுங்காலம் உயிரளித்தது இம்மின்கலமே. குவளையில் ஆணியின்மேல் சத்தமின்றி நிகழ்வதும் இதுவே. அங்கே கம்பிக்கு வேலையில்லை, அவ்வளவுதான். 1897இல் எலெக்ட்ரான் கண்டறியப்பட்டபின், ஓடியது எது என்பதும் விளங்கிற்று. இரும்பின் அணு ஒவ்வொன்றும் இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் இறங்குகிறது. நீரிலுள்ள செம்பு அயனி அவ்விரண்டையும் பெற்று உலோகமாகப் படிகிறது. நீலம் செம்பு அயனியின் நிறம். பச்சை இரும்பு அயனியின் நிறம். நீலம் மங்கிப் பச்சை தோன்றுவது, ஒன்று வெளியேற மற்றொன்று குடியேறியதன் அடையாளம்.

இனி, சோங் காலக் கணக்குக்கு வருவோம். ஓர் இரும்பணுவுக்கு ஒரு செம்பணு என்பது விதி. அணு எடை இரும்புக்கு 55.85, செம்புக்கு 63.55. எனவே ஒரு காட்டி செம்பு பெற 14 தாகில் இரும்பே போதும். சீனர் செலவிட்டதோ 36 தாகில். மீதி 22 தாகில் எங்கே போயிற்று? சுரங்கநீரில் துத்தம் மட்டும் இருப்பதில்லை. கந்தகத் திராவகமும் உண்டு. அஃது இரும்பைத் தின்று வாயுவை வெளிவிடும். காற்றுப்பட்டு முற்றிய இரும்புப்புகளும் உண்டு. அவையும் புதிய இரும்பை அரிக்கும். இவையன்றி, சேற்றோடு சுரண்டப்பட்ட இரும்புத் துண்டுகள் உலையில் வீணாகியிருக்கும். செம்புத்தூளும் நீரோடு போயிருக்கும். பிற்காலத் தொழிற்சாலைகளிலும் கணக்குக்கு மிஞ்சியே இரும்பு செலவாயிற்று. ஆதலின் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுக்கு முந்திய அக்கணக்கர் சரியாகவே எழுதினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தொழில் பின்னர் உலகெங்கும் பரவிய கதையைச் சுருக்கமாகவே சொல்வேன். வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவிலுள்ள பாரிஸ் மலையில் 18ஆம் நூற்றாண்டில் தொட்டி தொட்டியாக நீரைத் தேக்கிப் பழைய இரும்பை இட்டனர். ஸ்பெயினின் ரியோ டின்டோவிலும் அவ்வாறே. அமெரிக்கச் சுரங்கங்களில் காலியான தகர டப்பாக்கள் இதற்குப் பயன்பட்டன. 1968இல் அரிசோனாவில் கரைப்பான்களால் செம்பைப் பிரித்து மின்சாரத்தால் படியவைக்கும் முறை தொழிலளவில் வந்தபின், இரும்பிட்டுச் செம்பெடுக்கும் வழக்கம் படிப்படியாகக் குறைந்தது.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இச்செய்முறையை வகுப்பில் செய்யும்போது, ஆணி சிவந்தவுடன் மணியடித்துவிடுகிறது. குவளை கழுவும் தொட்டிக்குப் போய்விடுகிறது. கதையின் முற்பாதியை மட்டும் காட்டிவிட்டு மாணவன் பிற்பாதியையும் எழுதவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பிற்பாதியையும் காட்டலாம்; கடினமன்று. 25 கிராம் மயில்துத்தத்தைக் கரைத்து, சில துளி நீர்த்த கந்தகத் திராவகம் விட்டு, நிறுத்து வைத்த இரும்பாணிகளைத் தாராளமாக இடுங்கள். நஞ்சுப் பொருளாதலின் கையால் தொடவிட வேண்டா. நீலம் அறவே நீங்கியபின் செம்பை உதிர்த்துக் கழுவி, காற்றில் கறுக்குமுன் விரைவாக உலர்த்தி நிறுத்தால் 6.4 கிராம் அளவில் இருக்கும். ஆணிகளின் எடை 5.6 கிராமோ அதற்குச் சற்று மேலாகவோ குறைந்திருக்கும். அந்த மேல்மிச்சம் திராவகம் தின்றது. பின்னர் எஞ்சிய பச்சைநீரை வடிகட்டி, ஒரு பீங்கான் கிண்ணத்தில் இளஞ்சூட்டில் சுண்டவைத்து ஆறவிடுங்கள். மறுநாள் காலையில் கிண்ணத்தின் அடியில் பச்சைப் படிகங்கள் வளர்ந்திருக்கும். அவை அன்னபேதி. ஆணியிலிருந்து போன இரும்பு அவற்றுள்தான் இருக்கிறது.